பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

கத்திரி வெயில் கொளுத்துகிறது. பிற்பகல் இரண்டு மணி. சென்னையில் ஒரு மோட்டார்ப் பட்டறை வாசலில் வாடகைக் கார் ஒன்று வந்து நிற்கிறது. ஓட்டுநரின் சட்டை வியர்வையில் தெப்பமாக நனைந்திருக்கிறது. காலையிலிருந்து மூன்று சவாரிகள் கைநழுவிவிட்டன. "ஏ.சி. ஓடவில்லையா?" என்று கேட்டவர்கள் அப்படியே இறங்கிப் போய்விட்டார்கள்.

"என்ன அண்ணே, கூலிங் வரலையா?" என்றபடி பட்டறைக்காரர் வருகிறார். பானெட்டைத் தூக்குகிறார். ஒரு குழாயைத் தொட்டுப் பார்க்கிறார். சற்றுக் காது கொடுத்துக் கேட்கிறார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, தீர்ப்பு வந்துவிடுகிறது.

"கம்ப்ரஸர் போயிடுச்சு அண்ணே. புதுசு போட்டுட்டா ஐஸ் மாதிரி இருக்கும்."

"வேற வழியே இல்லையா தம்பி?"

"பழசு வேணும்னா புதுப்பேட்டையில பார்க்கலாம். ஆனா கேரண்டி சொல்ல முடியாது."

கோடைக்காலத்தில் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் அன்றாடம் காணக்கூடிய காட்சி இது. ஓட்டுநர் கடன் வாங்கிப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதுக் கம்ப்ரஸர் போடுகிறார். ஒரு வாரம் சில்லென்று காற்று வருகிறது. இரண்டு மாதத்தில் பழைய கதை திரும்புகிறது. "இது உன் அதிர்ஷ்டம் அண்ணே, கம்பெனி சரக்கு சரியில்லை" என்று பதில் வருகிறது. அதிர்ஷ்டத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் யாருக்கும் பொறுப்பில்லை அல்லவா?

உண்மையில் அந்தக் கம்ப்ரஸர் குற்றவாளியா, அல்லது வேறு யாரோ செய்த குற்றத்துக்குப் பலியானதா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. மோட்டார்க் குளிர்சாதனத் தொழிலில் இன்று நடக்கும் பெரிய அநியாயம் இதுதான். விசாரணை இல்லாமலே தண்டனை வழங்கப்படுகிறது. அபராதம் கட்டுகிறவர் வண்டிக்காரர்.

அது செய்யும் வேலை

மனித உடலுக்கு இருதயம் எப்படியோ, குளிர்சாதனத்துக்குக் கம்ப்ரஸர் அப்படி. காருக்குள் இருக்கும் கூலிங் காயிலில் குளிர்வாயு ஆவியாகிறது. ஆவியாகும்போது உள்ளேயுள்ள உஷ்ணத்தை வாங்கிக் கொள்கிறது. அந்த ஆவியை இழுத்து, அழுத்தி, முன்பக்கம் இருக்கும் கண்டன்சருக்குத் தள்ளுவது கம்ப்ரஸரின் வேலை. கண்டன்சரில் வெளிக்காற்று பட்டு வாயு உஷ்ணத்தை உதறிவிட்டுத் திரவமாகிறது. டிரையர் அதிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வு அதைச் சிறு துவாரத்தின் வழியே மறுபடியும் காயிலுக்குள் தெளிக்கிறது. இப்படி ஒரே வாயு ஓயாமல் சுற்றிச் சுற்றி வருகிறது.

கார்களில் குளிர்சாதனத்தைக் கம்பெனியிலேயே பொருத்தித் தரும் வழக்கம் அமெரிக்காவின் பாக்கார்ட் கம்பெனி 1939-இல் அறிவித்து, 1940-ஆம் ஆண்டு மாடலில் கொண்டுவந்த ஏற்பாட்டோடு தொடங்கியது. அந்தக் காரில் கம்ப்ரஸருக்குக் கிளட்ச் கிடையாது. குளிர் வேண்டாமென்றால் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும்! பின்னாளில் மின்காந்தக் கிளட்ச் வந்தது. விசையை அழுத்தினால் பிடித்துக்கொள்ளும், விட்டால் விலகிவிடும். வசதி பெருகியபோது கூடவே கிளட்ச், ரிலே, பியூஸ், அழுத்த ஸ்விட்சு என்று பழுதாகக்கூடிய உறுப்புகளும் பெருகின. இவற்றில் எது கெட்டாலும் காருக்குள் இருப்பவருக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: குளிரவில்லை. நூறு நோய்களுக்கு ஒரே அறிகுறி. அங்கேதான் குழப்பம் ஆரம்பமாகிறது.

விசாரணை எப்படி நடக்கவேண்டும்?

முதற்கேள்வி மிகச் சாதாரணமானது. காற்று வருகிறதா? வெளியே வரும் காற்றே பலவீனமாக இருந்தால் குற்றம் புளோயரிலோ, தூசி அடைத்த வடிகட்டியிலோ இருக்கலாம். காற்று பலமாக வந்தும் சூடாக இருக்கிறது. ஆனால் பானெட்டுக்குள் உள்ள பெரிய குழாய் குளிர்ந்து வியர்த்திருக்கிறது என்றால், கம்ப்ரஸர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்று பொருள். உள்ளே சூட்டையும் குளிரையும் பிரிக்கும் தடுப்புக் கதவு சிக்கிக் கொண்டிருக்கக் கூடும்.

இரண்டாவது கேள்வி: கிளட்ச் பிடிக்கிறதா? என்ஜின் ஓடும்போது ஏ.சி. பொத்தானை அழுத்தினால் 'டக்' என்ற சப்தத்தோடு முன்தட்டு புல்லியோடு சேர்ந்து சுழலவேண்டும். சுழலவில்லை என்றதும் "கம்ப்ரஸர் செத்துவிட்டது" என்று சொல்வது, விளக்கு எரியவில்லை என்பதற்காக வீட்டையே இடிக்கச் சொல்வது போலாகும். முதலில் கிளட்ச் காயிலுக்கு 12 வோல்ட் மின்சாரம் வருகிறதா என்று பார்க்கவேண்டும். வராவிட்டால் பியூஸ், ரிலே, கம்பி, அழுத்த ஸ்விட்சு ஆகியவற்றைத் தேடவேண்டும். மின்சாரம் வந்தும் பிடிக்காவிட்டால் கிளட்ச் காயில் எரிந்திருக்கலாம்; அல்லது தட்டுக்கும் புல்லிக்கும் நடுவிலுள்ள இடைவெளி தேய்மானத்தால் அதிகமாகியிருக்கலாம்.

இந்த இடைவெளிச் சமாசாரம் வேடிக்கையானது. காலையில் வண்டி நன்றாகக் குளிரும். மதியம் என்ஜின் சூடேறியதும் குளிர் நின்றுவிடும். சாயங்காலம் திரும்பவும் வரும். காயில் சூடாகும்போது காந்த சக்தி குறைகிறது; அகன்றுவிட்ட இடைவெளியைத் தாண்டி அது தட்டை இழுத்துப் பிடிக்க இயலவில்லை. அவ்வளவுதான் விஷயம். உள்ளேயுள்ள ஒரு மெல்லிய வளையத்தை எடுத்து இடைவெளியைச் சரிசெய்தால் பல வண்டிகளில் தீர்ந்து போகும். இதற்காக முழுக் கம்ப்ரஸரையும் மாற்றியவர்கள் எத்தனையோ பேர்!

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். வாயு ஒழுகிக் குறைந்துவிட்டால், அழுத்த ஸ்விட்சு வேண்டுமென்றே கம்ப்ரஸரை ஓடவிடாமல் தடுக்கிறது. எண்ணெயின்றி ஓடி அழிந்துவிடாமல் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. சில இடங்களில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? அந்த ஸ்விட்சைத் தாண்டி நேரே ஒரு கம்பியைக் கொடுத்து ஓட்டிவிடுகிறார்கள். காவற்காரனைக் கட்டிப்போட்டுவிட்டு வீட்டைத் திறந்து வைக்கும் புத்திசாலித்தனம் அது.

மானி சொல்லும் சாட்சி

மூன்றாவதாக வருவது அழுத்தமானி. இதுதான் முக்கியமான சாட்சி. நீலக் குழாய் தாழ்வழுத்தப் பக்கமும், சிவப்புக் குழாய் உயரழுத்தப் பக்கமும் மாட்டப்படுகின்றன. பெரும்பாலான கார்களில் இன்று ஓடுவது ஆர்-134ஏ என்ற வாயு. என்ஜின் நின்று வண்டி ஆறியிருக்கும்போது இரு மானிகளும் ஒரே அளவைக் காட்டும். 30 டிகிரி உஷ்ணத்தில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 95 முதல் 100 பவுண்டு வரை இருக்கும். அதைவிட மிகவும் குறைவாக இருந்தால் வாயு எங்கோ ஒழுகிப் போயிருக்கிறது. ஆனால் சரியாகக் காட்டுவதாலேயே வாயு நிறைந்திருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலும் அழுத்தம் உஷ்ணத்தைப் பொறுத்தே நிற்கும். சமையல் வாயு உருளையை அழுத்தத்தைப் பார்த்து அளக்காமல் எடையைப் பார்த்து அளப்பது இதனால்தான்.

பிறகு என்ஜினை ஓட்டிப் பார்க்கவேண்டும். கோடையில் தாழ்வுப் பக்கம் 30 முதல் 45 பவுண்டும், உயர்வுப் பக்கம் 200 முதல் 300 பவுண்டும் வருவது சாதாரணம். வண்டிக்கு வண்டி, வெயிலுக்கு வெயில் இது சற்று மாறும். மானியின் மொழி மிகத் தெளிவானது. இரண்டும் தாழ்ந்திருந்தால் வாயு போதவில்லை. இரண்டும் மிக உயர்ந்திருந்தால் வாயுவை அளவுக்கு மீறி அடைத்திருக்கிறார்கள். அல்லது கண்டன்சர் விசிறி ஓடவில்லை. அல்லது கண்டன்சரில் சேறும் தூசியும் அடைத்திருக்கின்றன. கண்டன்சர் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் போதும். உயரழுத்தம் மளமளவென்று இறங்கிக் குளிர் வந்துவிட்டால், கம்ப்ரஸர் நிரபராதி! தாழ்வுப் பக்கம் சூன்யத்துக்கே இறங்கிப் போனால் வழியில் அடைப்பு. எக்ஸ்பான்ஷன் வால்வு சிக்கியிருக்கலாம், ஈரம் உறைந்து பனிக்கட்டியாகித் துவாரத்தை மூடியிருக்கலாம்.

கம்ப்ரஸர் மேல் குற்றம் சாட்டவேண்டுமானால் மானி வேறு விதமாகப் பேசவேண்டும். தாழ்வுப் பக்கம் இறங்காமல் உயர்ந்தே நிற்கும். உயர்வுப் பக்கம் ஏறாமல் தாழ்ந்தே நிற்கும். இரண்டும் ஒன்றையொன்று நெருங்கிக் கொள்ளும். அதாவது யந்திரம் சுழல்கிறது, ஆனால் அழுத்தவில்லை. அப்போதுகூட அவசரப்படக் கூடாது. இப்போதைய கார்கள் பலவற்றில் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைத்து வேலை செய்யும் கம்ப்ரஸர்கள் இருக்கின்றன. அவற்றில் கண்ட்ரோல் வால்வு என்ற சிற்றுறுப்புக் கெட்டாலும் இதே அடையாளம்தான் தெரியும். அந்த வால்வைத் தனியே மாற்ற முடிகிற வண்டிகள் பல உண்டு.

சப்தமும் ஒரு சாட்சிதான். ஏ.சி. போடாதபோதே கரகரவென்று ஒலித்தால் அது புல்லியின் பேரிங், தனியாக மாற்றலாம். ஏ.சி. போட்டவுடன் மட்டும் ஒலித்தால் உள்ளுறுப்புகளைச் சந்தேகிக்கலாம். அதற்கு முன் அதைத் தாங்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது. கிளட்ச் உள்ள கம்ப்ரஸரில் என்ஜினை நிறுத்திவிட்டு முன்தட்டைக் கையால் திருப்பினால் சீராகத் திரும்பவேண்டும். அசையவே மறுத்தால் கம்ப்ரஸர் இறுகிவிட்டது. எடுத்துப் பார்க்கும் எண்ணெய் கறுத்து, உலோகத் துகள் மினுமினுத்தால் இனி ஐயமில்லை, அது முடிந்துவிட்டது.

இவ்வளவு விசாரணைக்கும் ஒரு மணி நேரம் பிடிக்கலாம். இரண்டு நிமிஷத் தீர்ப்புக்கும் ஒரு மணி நேர விசாரணைக்கும் நடுவில்தான் ஓர் ஏழை ஓட்டுநரின் ஒரு மாத வருமானம் கிடக்கிறது.

எய்தவன் இருக்க...

கம்ப்ரஸர் உண்மையாகவே செத்துவிட்டது என்று வைத்துக் கொள்வோம். அதோடு வழக்கு முடிந்துவிடுகிறதா? அது ஏன் செத்தது என்பதல்லவா அடுத்த கேள்வி? எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

கம்ப்ரஸருக்குள் தனி எண்ணெய்த் தொட்டி போன்ற வசதி பெரும்பாலும் இல்லை. எண்ணெய் வாயுவோடு சேர்ந்து சுற்றிவந்து அதை நனைக்கிறது. வாயு ஒழுகும்போது எண்ணெயும் சிறிது சிறிதாக வெளியேறுகிறது. வாயு குறைந்தால் மிச்ச எண்ணெயும் சரியாகத் திரும்பி வருவதில்லை. ஆண்டுதோறும் கோடை பிறந்ததும் "கேஸ் அடிச்சுடுங்க" என்று ஒழுக்கை அடைக்காமலே வாயுவை நிரப்பி வருகிறார்களே, அவர்கள் கம்ப்ரஸருக்குச் சிறுகச் சிறுக விஷம் வைக்கிறார்கள். ஒழுங்காக அடைத்த வாயு தீர்ந்து போகும் பண்டமன்று. ஒரே கோடையில் குறைந்துவிட்டது என்றால் ஓட்டை இருக்கிறது என்பதே பொருள்.

அடைத்துப்போன கண்டன்சரும், ஓடாத விசிறியும் மற்ற கொலையாளிகள். அழுத்தம் மிகுந்து, சூடு மிகுந்து, எண்ணெய் கருகுகிறது. காற்றையும் ஈரத்தையும் வாக்குவம் பம்பால் நன்றாக உறிஞ்சி எடுக்காமல் வாயு அடைப்பது மூன்றாவது. ஈரம் எண்ணெயைக் கெடுத்து உலோகத்தை அரிக்கிறது. தரமற்ற கலப்பட வாயு நான்காவது. 2011-இல் கப்பற் கொள்கலன்களின் குளிர்சாதனங்களில் மீதைல் குளோரைடு கலந்த போலி வாயு அடைக்கப்பட்டு, அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, கம்ப்ரஸர்கள் வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். மலிவு வாயுவின் விலை சில சமயம் மனித உயிர்.

இன்னும் ஒரு தவறு. கம்ப்ரஸர் உள்ளுக்குள் நொறுங்கிச் செத்திருந்தால் அதன் உலோகத் துகள் குழாய்களெங்கும் பரவியிருக்கும். இன்றைய கண்டன்சர்களின் குழாய்கள் மிக நுண்ணியவை. கழுவினாலும் முழுக்கப் போவதில்லை. கண்டன்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு இவற்றையும் மாற்றி, மற்றக் குழாய்களைச் சுத்தம் செய்தாலொழியப் புதுக் கம்ப்ரஸருக்கும் அதே கதிதான். பாதி வேலை செய்து மிச்சம் பிடிப்பதாக நினைப்பவர் இரட்டைச் செலவுக்கு அச்சாரம் கொடுக்கிறார்.

பட்டறைக்காரரின் பக்கம்

பழியை எல்லாம் பட்டறைக்காரர் தலையில் சுமத்துவதும் நியாயமாகாது. அவருக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. வண்டியைக் கொண்டுவருகிறவர் அரை மணியில் முடித்துத் தரச் சொல்கிறார். சாமானுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயங்காதவர், "பார்த்ததற்கு" ஐந்நூறு ரூபாய் கேட்டால் சண்டைக்கு வருகிறார். "பார்க்கிறதுக்குக் காசா?" என்கிறார். டாக்டர் நாடி பார்த்து மருந்து எழுதுவதற்குக் கொடுப்பதில்லையா? மூளைக்குக் கூலி கிடைக்காத இடத்தில் மூளை வேலை செய்வதை நிறுத்திவிடும். ஸ்பானர் மட்டும் வேலை செய்யும். சாமான் மாற்றினால்தான் வருமானம் என்ற நிலையை உண்டாக்கியதில் வண்டிக்காரர்களுக்கும் பங்கு இருக்கிறது.

பயிற்சியும் ஒரு பிரச்னை. பல பட்டறைகளில் பையன்கள் அண்ணன்மார்களைப் பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவர்கள். கைப்பழக்கத்தில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மானியின் கணக்கையும் மின்சுற்றின் ஓட்டத்தையும் யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கவில்லை. அமெரிக்காவில் 1990-களின் தொடக்கத்திலிருந்தே காசுக்குக் கார் குளிர்சாதனத்தைப் பழுதுபார்ப்பவர் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். வாயுவை இறைக்கும் கருவியும் வைத்திருக்க வேண்டும். இங்கேயும் அத்தகைய ஏற்பாடு கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தால் தொழிலாளிக்கே மதிப்புக் கூடும்.

காற்றில் கலக்கும் பாவம்

வாயுவை இறைப்பானேன், திறந்துவிட்டால் போகிறது என்பது பல பட்டறைகளின் பழக்கம். 'புஸ்' என்ற ஒரு சப்தத்தோடு கதை முடிந்துவிடுகிறது. ஆனால் முடியவில்லை. பழைய கார்களில் இருந்த ஆர்-12 வாயு வானத்தின் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று ரோலண்டு, மொலினா என்ற விஞ்ஞானிகள் 1974-இல் எச்சரித்தார்கள். 1987-இல் மாண்ட்ரீல் உடன்படிக்கை பிறந்தது. அதன் பிறகு வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல 1,300 முதல் 1,500 மடங்கு வரை வல்லமையுள்ளது. அரைக் கிலோவைத் திறந்துவிட்டால் 650 கிலோவுக்குக் குறையாத கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். இதைக் குறைக்கவே 2016-இல் கிகாலியில் நாடுகள் ஒப்புக்கொண்டன. இந்தியாவும் 2021-இல் அதை உறுதி செய்தது. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி அடித்த வெயிலை மறக்காதவர்கள், ஊரைச் சூடாக்கிக் காரைக் குளிர்விப்பது எவ்வளவு பேதைமை என்று எண்ணிப் பார்க்கலாம். தவறான நோய் நிர்ணயத்துக்காகக் குழாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இந்தப் பாவம் சேர்கிறது.

இனிச் சொகுசு என்று ஒதுக்க முடியாது

"ஏ.சி. என்பது பணக்காரர் சமாசாரம். அதற்கு இவ்வளவு ஆரவாரமா?" என்று சிலர் கேட்கலாம். அந்தக் காலம் மலையேறிவிட்டது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவித்தது. என்ஜின் சூட்டுக்கும் தார்ச்சாலைச் சூட்டுக்கும் நடுவே பகலெல்லாம் வெந்து, கண் சொருகி விபத்துக்குள்ளாகும் ஓட்டுநரைக் காக்க வந்த சட்டம் அது. சட்டம் குளிர்சாதனத்தைப் பொருத்திவிடும். மூன்று வருஷம் கழித்து ஏதோ ஒரு நெடுஞ்சாலையோரப் பட்டறையில் அது பழுதாகி நிற்கும்போது யார் காப்பாற்றுவது? "கம்ப்ரஸர் போச்சு" என்ற ஒரு வார்த்தையும், முதலாளி கொடுக்க மறுக்கும் பணமும் சேர்ந்தால், அந்த ஓட்டுநர் பழையபடி வெந்து கொண்டுதான் போகவேண்டும்.

மின்சாரக் கார்களோ இன்னும் ஒரு படி மேலே போய்விட்டன. அவற்றில் கம்ப்ரஸரை ஓட்டுவது பெல்ட் அன்று. உயர் வோல்ட் மின்சாரம். பல வண்டிகளில் பாட்டரியைக் குளிர்விப்பதும் அதே கம்ப்ரஸர்தான். வழக்கமான எண்ணெயை அதில் ஊற்றினால் மின்காப்பே கெட்டுவிடும். ஆரஞ்சு நிற மின்கம்பியைத் தெரியாமல் தொட்டால் உயிருக்கே ஆபத்து. இரண்டு நிமிஷத் தீர்ப்பு அங்கே செல்லாது.

செய்யவேண்டியது என்ன?

பரிகாரம் கடினமானதன்று. கம்ப்ரஸரை மாற்றவேண்டும் என்று சொல்லும் பட்டறை, கிளட்சுக்கு மின்சாரம் வந்ததா, மானிகள் என்ன காட்டின, ஒழுக்கு எங்கே என்ற மூன்று விவரங்களையும் ரசீதிலேயே எழுதிக் கொடுக்கட்டும். கழற்றிய பழைய சாமானை வண்டிக்காரரிடம் காட்டட்டும். வாயுவைக் கைக்கணக்கில் அடைக்காமல், பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் கண்டபடி எடைபோட்டு அடைக்கட்டும். வண்டிக்காரரும் தம் பங்குக்கு, சோதித்துப் பார்த்ததற்கான கூலியை முகம் சுளிக்காமல் கொடுக்கட்டும். "என்ன மாற்றவேண்டும்?" என்று கேட்பதற்கு முன்னால் "ஏன் கெட்டது?" என்று கேட்கப் பழகட்டும். தொழிற்பயிற்சி நிலையங்கள் விடுமுறை நாட்களில் பட்டறைப் பையன்களுக்குக் குறுகியகால வகுப்பு நடத்தினால் அது பெரிய புண்ணியம்.

அதுவரையில் பட்டறை வாசலில் நிற்கும் அந்த ஓட்டுநர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. "கம்ப்ரஸர் போயிடுச்சு அண்ணே" என்றதும் பர்ஸை எடுக்காமல், "மானியை மாட்டிக் காட்டு தம்பி, பார்க்கலாம்" என்று சொல்லட்டும். அந்த ஒரு வார்த்தை பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும். மானி மாட்டத் தெரிந்த தம்பிக்கு அது மதிப்பாகவும் இருக்கும்.